லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? 28 ஆயிரமா, 90 ஆயிரமா?

2025 ஜூன் மாதம். கம்பத்தில் எங்கள் தெருவில் ஒரு வீடு. ஒரே சத்தம்!

வீட்டுக்காரர் திராட்சைத் தோட்டத்துக்குக் கவாத்து வெட்டப் போகிறவர். அவர் மகள் பிளஸ் 2 பாஸ் செய்துவிட்டாள். பி.காம். படிக்க இடமும் கிடைத்துவிட்டது. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதிக்கும் முதல் ஆள் அவள்தான். சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் சண்டை!

என்ன சண்டை? லேப்டாப் சண்டை. (மடிக்கணினி என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அது லேப்டாப்தான்.)

"28 ஆயிரத்துக்குக் கிடைக்குது. அது போதும்" என்கிறார் தகப்பனார்.

"மாமா, அது ரெண்டு வருஷம் தாங்காது. 90 ஆயிரத்துக்கு ஒசத்தியா ஒண்ணு இருக்கு. அதை வாங்குங்க" என்கிறான் அக்காள் மகன். அவன் பெங்களூரில் வேலை பார்க்கிறவன்.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்குடா லேப்டாப்பு? செல்லு இருக்குல்ல?" என்கிறாள் பாட்டி.

அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. தாயாரின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே 2 பவுன் சங்கிலி. 90 ஆயிரம் என்றால் அந்தச் சங்கிலிதான் அடகுக்குப் போகும். அது அவளுக்குத் தெரியும்.

கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. ஆனால் ஏமாந்தவன்! பட்டவன் சொன்னால் கேட்பார்கள் அல்லவா?

நான் ஏமாந்த கதை

2021-ஆம் ஆண்டு. கொரோனா காலம். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. பாடம் எல்லாம் கம்ப்யூட்டரில். என் மகனுக்கு ஒரு லேப்டாப் வாங்கினேன். விலை 24 ஆயிரம். கடையில் இருந்ததிலேயே குறைந்த விலை அதுதான். 'மிச்சம் பிடித்துவிட்டோம்' என்று நினைத்தேன்.

நான்கு மாதம் ஓடியது. பிறகு ஆரம்பித்தது தொல்லை. ஒரு பாடத்தைத் திறந்தால் இன்னொன்று திறக்காது. திறந்தால் நின்றுவிடும். 'இடம் இல்லை, இடம் இல்லை' என்று எழுத்து வரும். படத்தை எல்லாம் அழித்தோம். அப்போதும் இடம் இல்லை.

ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தான்.

"அண்ணே, இதுல ஒண்ணும் மாத்த முடியாது. எல்லாத்தையும் போர்டுலயே ஒட்டி வச்சிருக்கான்" என்றான்.

பதினான்கு மாதத்தில் அது பரணுக்குப் போயிற்று. அதன் அட்டைப் பெட்டியில் இப்போது என் மனைவி கண்ணாடி வளையல் வைத்திருக்கிறாள். பெட்டி நல்ல பெட்டி!

அப்படியானால் மலிவு என்றால் மோசமா? அப்படியும் இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

போடி ஏலக்காய்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காயைச் சலித்துப் பிரிக்கிறார்கள். 8 மில்லி மீட்டருக்கு மேல் பருமன், நல்ல பச்சை நிறம் என்றால் விலை எகிறும். சின்னக் காய், நிறம் மங்கின காய் என்றால் விலை இறங்கும்.

இரண்டும் ஒரே செடியில் காய்த்ததாக இருக்கலாம். பாயசத்துக்குத் தட்டிப் போட எது வேண்டும்? சின்னக் காயே போதும். வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டி அனுப்ப எது வேண்டும்? பருமன் காய் வேண்டும். ஆனால் உள்ளே அரிசி இல்லாத பொக்குக் காயை எந்த விலைக்கும் நாம் வாங்குவது இல்லை.

லேப்டாப்பிலும் இந்த மூன்று உண்டு. ஒசத்தி உண்டு. சாதாரணம் உண்டு. பொக்கும் உண்டு. சாதாரணத்துக்கும் பொக்குக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் நான் 24 ஆயிரத்தைத் தொலைத்தேன்.

உள்ளே என்ன இருக்கிறது?

லேப்டாப்பை ஒரு களத்து வேலையாக நினைத்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்ய ஆள் வேண்டும். அதுதான் பிராசசர். கதிரைப் பரப்பி அடிக்கக் களம் வேண்டும். அதுதான் ராம். அடித்த நெல்லைப் போட்டு வைக்கக் கிட்டங்கி வேண்டும். அதுதான் ஸ்டோரேஜ்.

ஆள் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் களம் சின்னது என்றால் என்ன செய்வான்? ஒரு கட்டை எடுத்து வைத்துவிட்டுத்தான் இன்னொரு கட்டைப் பிரிக்க முடியும். என் மகன் லேப்டாப்பில் ராம் 4 ஜி.பி. இன்றைக்கு அது போதவே போதாது. 8 ஜி.பி. கட்டாயம் வேண்டும். 16 ஜி.பி. இருந்தால் கவலை இல்லை.

கிட்டங்கியில் மூன்று வகை. பழைய ஹார்ட் டிஸ்க் என்பது தட்டுச் சுழல்வது. அதில் இடம் நிறைய இருக்கும், வேகம் இருக்காது. எஸ்.எஸ்.டி. என்பது சிப்பில் எழுதுவது. சுழலும் சாமான் கிடையாது. வேகம் அதிகம். கீழே விழுந்தால் தாங்கும் சக்தியும் ஜாஸ்தி. மூன்றாவது இ.எம்.எம்.சி. என்பது. செல்போனில், டாப்லெட்டில் வைக்கும் சாதனம். மிக மலிவான லேப்டாப்புகளில் இதை 64 ஜி.பி. அளவில் ஒட்டி விற்கிறார்கள். விண்டோஸ் ஒன்றே அதில் பாதிக்கு மேல் அடைத்துக்கொள்ளும். நான் வாங்கினது இந்த ரகம்தான். பொக்குக் காய்!

ஆகவே எஸ்.எஸ்.டி. உண்டா என்று கேளுங்கள். 512 ஜி.பி. இருந்தால் நல்லது. 256 இருந்தாலும் சமாளிக்கலாம்.

பேரைப் பார்த்து மயங்காதீர்கள்

இனி பிராசசர். இங்கேதான் பெரிய ஏமாற்றம் நடக்கிறது.

"அண்ணே, இது ஐ5" என்பார்கள். ஐ5 என்றால் ஒசத்தி, ஐ3 என்றால் மட்டம் என்று நாமும் தலையை ஆட்டுவோம். ஆனால் எந்தத் தலைமுறை ஐ5? 7-ஆம் தலைமுறை ஐ5-ஐ விட 12-ஆம் தலைமுறை ஐ3 நன்றாக வேலை செய்யும். கிழட்டுக் குதிரையும் குதிரைதான். ஆனால் ஓட வேண்டுமே?

ரைசன் என்று இன்னொரு பெயர். அதில் 'ரைசன் 5 7520யு' என்று ஒன்று உண்டு. 7520 என்ற எண்ணைப் பார்த்தால் புத்தம் புதுசு மாதிரி இருக்கிறது. அது வெளிவந்தது 2022-இல். ஆனால் அதன் உள் வடிவமைப்பு 2019-இல் வந்தது. இது கம்பெனி ஒளித்து வைத்த ரகசியம் அல்ல. எண்ணிலேயே இருக்கிறது. மூன்றாவது இடத்தில் உள்ள 2 என்ற எண்தான் அதைச் சொல்கிறது. யார் கண்டார்கள்? நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கணக்கு எழுத, பாடம் படிக்க அந்த ரைசனும் போதும். ஆனால் புது விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

90 ஆயிரம் கொடுத்தால் என்ன கிடைக்கும்?

பெங்களூர்த் தம்பி சொன்னது பொய் அல்ல. ஒசத்தி லேப்டாப்பைக் கையில் எடுத்தவுடனே தெரியும். உலோக உடம்பு. எடை ஒன்றேகால் கிலோ, ஒன்றரைக் கிலோதான். மலிவு சாமான் பெரும்பாலும் 1.7 கிலோவைத் தாண்டும். திரை பளிச்சென்று இருக்கும். பாட்டரி நாள் முழுக்க ஓடும். மலிவு லேப்டாப்பில் பாட்டரி நாலைந்து மணி நேரம் தாங்கினால் பெரிது.

இதெல்லாம் சொகுசா? எல்லாம் சொகுசு அல்ல. கூடலூரிலிருந்து பஸ் ஏறி, நின்றுகொண்டே உத்தமபாளையம் போகிற பிள்ளைக்கு அரைக் கிலோ எடை பெரிய விஷயம்தான். கரண்டு போகிற ஊரில் பாட்டரி பெரிய விஷயம்தான்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. மெலிசாகச் செய்ய வேண்டும் என்பதற்காக ஒசத்தி லேப்டாப் பலவற்றில் ராமை ஒட்டிவிடுகிறார்கள். பிறகு கூட்ட முடியாது. ஆப்பிள் மேக்புக்கில் ராம், ஸ்டோரேஜ் எதையும் நாம் கூட்ட முடியாது. அதே சமயம் 40 ஆயிரம் ரூபாய் லேப்டாப் பலவற்றில் ராம் சேர்க்கக் காலி இடம் இருக்கிறது! அங்கே மட்டும் மலிவு ஜெயிக்கிறது.

திரை உடைந்தால்? ஒசத்திச் சாமானுக்கு உதிரியும் ஒசத்தி விலை.

இன்னும் ஒன்று. இந்தப் பெண் சேர்ந்தது பி.காம். பி.காம். என்றால் டாலி படிக்காமல் முடியுமா? போடி ஏலக்காய்க் கடையிலும், சின்னமனூர் அரிசி மண்டியிலும் வேலை என்று போனால் முதலில் கேட்பது டாலிதான். டாலி விண்டோஸில் ஓடுகிற சாமான். மேக்புக்கில் அப்படியே ஓடாது. லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டுப் பக்கத்துப் பெண்ணின் 40 ஆயிரம் ரூபாய் லேப்டாப்பை இரவல் கேட்பதா?

படம் வெட்டி ஒட்டுகிறவர், வீடியோ செய்கிறவர், பெரிய என்ஜினீயரிங் வரைபடம் போடுகிறவர், இவர்களுக்கு ஒசத்தி வேண்டும். தாராளமாக வாங்கட்டும். அது அவர்களுக்கு உழவு மாடு மாதிரி. சம்பாதித்துத் தரும்.

ஒரு சின்னக் கணக்கு

பேச்சை விடுங்கள். கணக்குப் போடுவோம். அந்த வீட்டுத் திண்ணையில் நான் சாக்கட்டியால் போட்ட கணக்கு இது.

28 ஆயிரம் ரூபாய் பொக்கு லேப்டாப் 2 வருஷம் ஓடினால் வருஷத்துக்கு 14 ஆயிரம் செலவு. 90 ஆயிரம் ரூபாய் லேப்டாப் 6 வருஷம் ஓடினால் வருஷத்துக்கு 15 ஆயிரம். 43 ஆயிரம் ரூபாயில் நல்லதாகப் பார்த்து எடுத்து, நடுவில் பாட்டரிக்கும் ராமுக்கும் 7 ஆயிரம் செலவழித்து, 5 வருஷம் ஓட்டினால் வருஷத்துக்கு 10 ஆயிரம்.

"அட, மலிவும் ஒசத்தியும் ஒரே விலையா வருதே!" என்றார் வீட்டுக்காரர்.

அந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் சத்தம் அடங்கியது.

இந்த விலை எல்லாம் 2025 நடுவில் இருந்த விலை. அந்த ஆண்டுக் கடைசியிலிருந்து மெமரி சிப் விலை உலகம் முழுவதும் ஏறியது. ஏ.ஐ. கம்ப்யூட்டர் கூடங்கள் சிப்பை அள்ளிக்கொண்டு போகின்றன. சீமையில் கூடம் கட்டினால் தேனியில் விலை ஏறுகிறது! ஆகையால் இப்போது வாங்குகிறவர்கள் கொஞ்சம் கூடவே பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சாமான் வாங்கலாமா?

வாங்கலாம். பெரிய ஆபீசுகளில் மூன்று, நான்கு வருஷம் ஓட்டிவிட்டு லேப்டாப்பை மொத்தமாகக் கழித்து விடுகிறார்கள். அவை வாங்கும்போது ஒசத்திச் சாமான்கள். கெட்டியான உடம்பு. நல்ல கீ போர்டு. சுத்தம் செய்து 20 ஆயிரம், 25 ஆயிரத்துக்கு விற்கிறார்கள். புதுப் பொக்கை விடப் பழைய ஒசத்தி நல்லது என்பது என் கட்சி.

ஆனால் ஒன்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்குக் கம்பெனி கொடுத்துவந்த சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இனி விண்டோஸ் 11 வேண்டும். அது இன்டெல்லில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைக்கு மேல் உள்ளதற்குத்தான் முறைப்படி ஏறும். 6, 7 என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். லினக்ஸ் போட்டு ஓட்டத் தெரிந்தவர்கள் மட்டும் வாங்கலாம்.

பாட்டரி எப்படி இருக்கிறது, எத்தனை மாதம் கியாரண்டி என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப் பேச்சு மதுரை ரோடு வரைதான்.

பையனுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்றா?

இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் நான் பார்க்கிற ஒரு வழக்கம். பையன் என்ஜினீயரிங் சேர்ந்தால் கடன் வாங்கியாவது 70 ஆயிரத்துக்கு வாங்குகிறார்கள். அவன் அதில் பாதி நேரம் விளையாடுகிறான். பெண் காலேஜ் போனால், 'செல் போதும்'. அல்லது அண்ணன் ஓட்டிக் கழித்த பழசு.

செல்லில் பாடம் பார்க்கலாம். பதிவேடு போட முடியுமா? 20 பக்கம் புராஜெக்ட் அடிக்க முடியுமா? பாட்டியம்மாவிடம் இதைத்தான் கேட்டேன். "ஆத்தா, அருவாமனையில திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்ட முடியுமா?" அவர் சிரித்துவிட்டார். அவரே 40 வருஷம் தோட்ட வேலை பார்த்தவர்.

2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசாங்கம் இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அரசாங்கப் பள்ளி, அரசாங்க உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள். ஒசத்திச் சாமானா அது? இல்லை. சாதாரணச் சாமான். ஆனால் எத்தனையோ கூலிக்காரர் வீட்டில் முதல் முதல் நுழைந்த கம்ப்யூட்டர் அதுதான். அரசாங்கம் பையனுக்கு ஒரு ரகம், பெண்ணுக்கு ஒரு ரகம் என்று கொடுக்கவில்லை. ஒரே பெட்டி. வீட்டுக்குள்தான் நாம் ரகம் பிரிக்கிறோம்.

பிறகு அந்தத் திட்டம் சில ஆண்டுகள் நின்றுபோயிற்று. 2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டாப்லெட் அல்லது லேப்டாப் தரப்படும் என்று அறிவித்தார்கள். 2026 ஜனவரியில் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆகவே கடைக்குப் போகும் முன் காலேஜ் ஆபீசுக்குப் போங்கள். 'எங்கள் பிள்ளைக்கு உண்டா, எந்த வருஷத்தில் உண்டா' என்று கேளுங்கள். இந்தப் பெண் சேர்ந்தபோது அறிவிப்புத்தான் இருந்தது. பாடம் அதற்காகக் காத்திருக்குமா?

கடையில் நடந்தது

ஒரு சனிக்கிழமை தேனிக்குப் போனோம். வீட்டுக்காரர், மதினி, பெண், நான். நாலு கடை ஏறி இறங்கினோம்.

பெண்ணையே பார்க்கச் சொன்னேன். திரையைத் திறந்து வைத்துப் பக்கவாட்டில் நின்று பார்த்தாள். சில லேப்டாப்பில் பக்கத்தில் நின்றால் நிறம் வெளுத்து, எழுத்து மங்குகிறது. அது வேண்டாம். 'ஐ.பி.எஸ்.' திரை என்று கேட்டால் அப்படி மங்காது. கீ போர்டின் நடுவில் விரலால் அமுக்கினாள். ஒன்று அப்பளம் மாதிரி அமுங்கியது. அதுவும் வேண்டாம்.

பிறகு கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று பொத்தானையும் சேர்த்து அமுக்கச் சொன்னோம். ஒரு பலகை வரும். அதில் மெமரி என்ற இடத்தில் எத்தனை ராம் இடம் உண்டு, எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். 'இரண்டில் ஒன்று' என்று வந்தது. கடைக்காரத் தம்பியே, "பாப்பா, இதை யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டான். எங்கள் தெருவில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறானே, அந்தத் தம்பிதான். என் லேப்டாப்பைக் கழற்றினவன்.

"தவணையில எடுத்துக்குங்க. வட்டியே கிடையாது" என்றான் கடைக்காரன். வட்டி இல்லை என்பது சரி. கட்டணம்? கேட்டோம். பிராசசிங் கட்டணம் உண்டு. வட்டிக்கு உரிய ஜி.எஸ்.டி.யும் நம் தலையில்தான். தவணை தவறினால் அபராதம் வேறு. மொத்தம் எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதிக் கேட்டோம். எழுதித் தந்தான். பரவாயில்லை, நல்ல தம்பி.

கடைசியாக சர்வீஸ். கெட்டுப்போனால் ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? சில கம்பெனிக்கு ஆள் வருகிறார். சிலதற்கு மதுரை போக வேண்டும். கம்பத்திலிருந்து மதுரை நூறு கிலோ மீட்டருக்கு மேல். ஒரு நாள் கூலி போச்சு. 2023 ஜூன் மாதத்திலிருந்து போடி வரை மறுபடியும் ரயில் ஓடுகிறது; ஆனால் கம்பத்துக்காரர்களுக்கு அது உதவாது. வீட்டுக்கு ஆள் வரும் கம்பெனியையே எடுத்தோம்.

ராம் 8 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 512. புது ஐ3. ஐ.பி.எஸ். திரை. விலை 43 ஆயிரம்.

மதினியின் சங்கிலி கழுத்திலேயே இருந்தது. ஒரு பவுன் தோடு மட்டும் அடகுக்குப் போயிற்று. கார்த்திகையில் திராட்சை வெட்டு வேலை தொடர்ந்து கிடைத்ததில் பாதி கட்டிவிட்டார்கள். பாக்கி இன்னும் இருக்கிறது.

கியாரண்டி கேட்டு நாளைக்குப் போனால் பில் காட்ட வேண்டும். பில்லில் லேப்டாப்பின் சீரியல் நம்பர் சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே ஒத்துப் பார்த்தோம். ஓர் எழுத்துத் தப்பாக இருந்தது! திருத்தி முத்திரை போட்டு வாங்கினோம். அந்தப் பில் இப்போது அவர்கள் வீட்டு ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் பையில் இருக்கிறது.